எங்கே நின்றாய் என்று எழுது

மார்ச் 3

அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்பா தூங்கறாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தப் பார்சல். யார் அனுப்பியது என்று தெரிந்ததும் தூக்கிப் பரணில் போட்டுவிடாதே. இது என் பிழைப்பு.

உள்ளே இருப்பது ஒரு பம்ப். விழுங்க முடியாதவர்களுக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு செலுத்துகிற பம்ப். அப்பாவுக்கு நீ சிரிஞ்சில் பிடித்து, கை வலிக்க வலிக்க ஊற்றுகிறாயே, அதே வேலையை இது தானாகச் செய்யும். செய்வது எங்கள் கம்பெனி. வாங்குகிறவர்கள் வீட்டில் அதை எப்படி ஓட்டுவது என்ற கையேட்டை எழுதுவது நான். பிசிக்ஸ் டீச்சர் ஒருத்தி நிரந்தர வேலைக்கு ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு ஓடிப்போனது இதற்குத்தானா என்று வாசலில் நின்று கேட்டாய். இதற்குத்தான்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கையேடு அச்சுக்குப் போவதற்கு முன்னால், அந்த மெஷினைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவரிடம் இரண்டையும் கொடுத்துவிட வேண்டும். அவர் தாளில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும். தானாக எதையும் ஊகிக்கக் கூடாது. எந்த இடத்தில் கை நின்றதோ அந்த இடத்தில் நின்றேன் என்று எழுத வேண்டும். எழுதியவளிடம் போனில் கேட்கக் கூடாது. கேட்டால் சோதனை செல்லாது. நீயும் நானும் பேசிக்கொள்வதில்லை என்பது முதல் தடவையாக ஒரு உபயோகத்துக்கு வருகிறது.

அப்பாவுக்கு மாட்டிவிடாதே. பையில் தண்ணீரை ஊற்றி, குழாயின் மறுமுனையை வாளியில் விடு.

நான் இங்கே தற்காலிகம்தான். பள்ளிக்கூடத்தில் போட்ட லீவு ஜூனில் முடிவதற்குள் இவர்கள் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். இருப்பது ஒரே ஒரு நாற்காலி. வேறு யாரிடமாவது கொடுத்தால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீ சொல்ல மாட்டாய்.

தங்கை

மார்ச் 12

டீச்சருக்கு,

உன் கையேட்டின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். உனக்காகத் தனித் தாள் வாங்கக் கடைக்குப் போகிற நிலையில் நான் இல்லை.

"ஸ்டாண்டைக் கட்டிலின் இடது பக்கத்தில் வைக்கவும்." நின்றேன். யாருக்கு இடது? படுத்திருப்பவருக்கா, பக்கத்தில் நிற்பவளுக்கா? அப்பாவுக்கு இடது பக்கம் சுவர். எனக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி கிடக்கிறது, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில். அது அங்கேதான் கிடக்கும். ஏன் என்று கேட்காதே. நீ இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுமாதமே பெட்டியைக் கட்டியவளுக்கு நாற்காலியைப் பற்றி என்ன.

"மூடியைத் திறக்கவும்." நின்றேன். மூடி இரண்டு இருக்கிறது. ஒன்றைத் திறந்தேன், பேட்டரி. அதை மூட எனக்கு ஒரு நகம் போயிற்று.

"குழாயில் காற்று இல்லாதவாறு திரவத்தால் நிரப்பவும்." நின்றேன். எப்படி என்று இல்லை. அதற்குப் பதிலாகக் காற்றுக்குமிழி ஏன் உண்டாகிறது, அது என்னென்ன செய்யும் என்று முக்கால் பக்கம் பாடம் நடத்தியிருக்கிறாய். படம் வேறு. நன்றாகப் புரிந்தது. புரிந்த பிறகும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அப்பாவுக்குச் சளி கட்டிவிட்டது, ஓடினேன். அந்த நேரத்தில் நான் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

வக்கீல் ஆபீசில் இருந்த காலத்தில் நான் டைப் அடித்த ஒவ்வொரு பத்திரத்தையும் எதிராளி எப்படி வளைப்பான் என்று பார்த்துப் பார்த்துத்தான் அடிப்பேன். உன் எழுத்தை வளைக்க எதிராளி வேண்டாம். அது தானே வளைகிறது.

இதை நான் உனக்காகச் செய்யவில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

ஒரு காரியம் ஆகிவிட்டது. திட்டுவதானால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

சோதனை செய்தவர் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் கோப்பில் வைக்க வேண்டும். பிரதி எடுத்து அழகுபடுத்தக் கூடாது. இதைச் சொல்ல விட்டுப்போயிற்று. ஓரத்தில் பென்சிலால் நாலு குறிப்பு எழுதுவாய் என்று நினைத்தேன். நீயோ என் மானத்தையும் பம்ப் மூடியையும் ஒரே பத்தியில் போட்டிருக்கிறாய். எங்கே கத்தரிப்பது? அப்படியே வைத்தேன். பிரிவு முழுக்கப் படித்தாயிற்று. எங்கள் பிரிவில் இருக்கிற மருந்துக்கடைக்காரி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சளி அப்புறம் சரியாச்சா?" சரியாயிற்றா?

இங்கே இருப்பவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், யார் படித்தார்கள் என்றாவது உனக்குத் தெரியட்டும். தலைவர் முன்பு கப்பலில் வயர்லெஸ் பார்த்தவர். அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போனதும், உயிர்காக்கும் படகை எப்படி இறக்குவது என்று கப்பல் சுவரில் ஒட்ட யாரோ எழுதச் சொல்ல, இந்தப் பக்கம் வந்துவிட்டார். கப்பல்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம். மருந்துக்கடைக்காரி நிஜமாகவே மருந்துக்கடையில் நின்றவள். டாக்டர்கள் எழுதுகிற சீட்டில் இருக்கிற கையெழுத்து யாருக்கும் புரியாததால் ஒவ்வொரு டப்பாவிலும் தானே எழுதி ஒட்டி, அதைப் பார்த்த ஒரு டாக்டர் இங்கே சொல்லிவிட்டிருக்கிறார். மூலையில் இருப்பவர் நாவல் எழுதியவர். இரண்டு நாவல், இரண்டையும் வெளியிட ஆள் கிடைக்கவில்லை. "இங்கதான் முதல் தடவையா நான் எழுதினத ஆளுங்க கடைசி வரைக்கும் படிக்கிறாங்க, வேற வழி இல்லாம" என்கிறார். இதற்கென்று படித்து, இதுதான் வேண்டும் என்று கேட்டு உள்ளே வந்தவள் நான் ஒருத்திதான். அதனாலேயே என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

உட்கார முடியவில்லை அக்கா. என் மேசை நடைபாதையில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில். யார் எழுந்தாலும் என்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று தோன்றுகிறது. நானும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

திருத்திய பிரதி இதோடு. காற்றுப் பாடத்தை எடுத்துவிட்டேன். முழுக்க எடுக்க மனசு வரவில்லை, இரண்டு வரி இருக்கிறது.

தங்கை

மார்ச் 28

டீச்சருக்கு,

நம் வீட்டுச் சங்கதியை ஊர் பேர் தெரியாத நாலு பேர் காபி குடித்துக்கொண்டே படித்திருக்கிறார்கள். நல்லது. பம்பை அன்றே திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். கட்டிய பிறகு தோன்றியது, திருத்தியதில் நீ என்ன கிழித்திருக்கிறாய் என்று பார்க்காமல் அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது. அவிழ்த்தேன்.

மூடி சரி. இடது சரி. குழாய் நிறைந்தது, உன் இரண்டு வரிப் பாடத்தைத் தாண்டிக் குதித்து. பம்ப் ஓடியது, வாளியில் சொட்டியது. எனக்கே ஆச்சரியம்.

பிறகு அப்பாவுக்குத் துணி மாற்றப் போகும்போது குழாய் என் காலில் மாட்டி மடங்கிவிட்டது போலிருக்கிறது. மணி அடித்தது. நீ எழுதியபடி குழாயை நேராக்கினேன். நீ எழுதியபடி மணிப் படம் போட்ட பட்டனை அழுத்தினேன். சத்தம் நின்றது. அதற்கு மேல் நீ ஒன்றும் எழுதவில்லை, நானும் ஒன்றும் செய்யவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, துணியெல்லாம் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் வாளியில் தண்ணீர் விட்ட இடத்திலேயே இருக்கிறது. பம்ப் சும்மா நிற்கிறது. ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது, யாருக்கோ சொல்கிற மாதிரி.

சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்றுதான் எந்த மனுஷியும் நினைப்பாள். வாளிக்குப் பசி கிடையாது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. கட்டிலில் இருப்பவர் வாய் திறந்து சொல்ல முடியாதவர். நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் கதவுச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புவார், அவ்வளவுதான் அவரால் முடியும். அவரைப் போல எத்தனை பேர் வீட்டுக்கு இது போகப் போகிறது?

கப்பல்காரருக்கு: ஐயா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். உயிர்காக்கும் படகுக்கு எழுதியவர் நீங்கள். மணியை நிறுத்தச் சொன்னவர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை?

மருந்துக்கடை அம்மாவுக்கு: சளி சரியாகிவிட்டது. கேட்டதற்கு நன்றி. என் கூடப் பிறந்தவள் கேட்டிருக்கலாம்.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

கேட்டேன். கடிதத்தில் கேட்டேன், "சரியாயிற்றா?" என்று. திரும்பப் படித்துப் பார்.

உன் கடிதம் வந்த அன்று இங்கே ஒரே களேபரம். கப்பல்காரர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே இன்ஜினியர்கள் அறைக்குப் போனார். பின்னாலேயே நான். பெரிய இன்ஜினியர் படித்துவிட்டு, "மியூட் பண்ணா சத்தம்தானே நிக்கும், மறுபடி ஸ்டார்ட் கொடுக்கணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். கப்பல்காரர் சொன்னார், "எல்லாருக்கும்னா யாருக்கு? இந்த அம்மாவுக்குத் தெரியல. அப்ப எல்லாருக்கும் தெரியலன்னு அர்த்தம்." அச்சை நிறுத்திவிட்டார்கள்.

எல்லோரும் உன் பக்கம் நிற்கிறார்கள். நானும் உன் பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். அந்த அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவருகில் நின்றேன். மணிப் பட்டனை அழுத்தினாலும் பம்ப் நின்றேதான் இருக்கும் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்ததால்தான் எழுதத் தோன்றவில்லை. வகுப்பில் இப்படி ஆனால் ஒரு பிள்ளையாவது முழிக்கும், முழியைப் பார்த்துத் திரும்பச் சொல்வேன். தாள் முழிப்பதில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து தலைமை ஆசிரியை கடிதம் போட்டிருக்கிறார், ஜூனில் வருகிறேனா என்று. பதில் எழுதவில்லை. எனக்கு இங்கேதான் இருக்க வேண்டும் அக்கா. பாடப்புத்தகத்தை வருடா வருடம் அதே பக்கத்தில் திறந்து திறந்து எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இதை உன்னிடம் சொன்னால் "அப்பாவை விடவா" என்பாய். அதனால் அன்றைக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது பிரதி இதோடு. மணி அடித்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் தனிப் பக்கம், பெரிய எழுத்தில். "சத்தம் நின்றாலும் பம்ப் ஓடாது. மறுபடி பச்சைப் பட்டனை அழுத்துங்கள். குழாய்க்குள் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள்." கடைசி வாக்கியம் கப்பல்காரர் சேர்க்கச் சொன்னது.

தங்கை

ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

நிற்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எங்கேயும் நிற்கவில்லை. வேண்டுமென்றே குழாயை மிதித்தேன், மணி அடித்தது, அந்தத் தனிப் பக்கத்தைப் பார்த்துச் செய்தேன், ஓடியது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளையும் செய்யச் சொன்னேன். அவள் மிக்ஸி ஓட்டவே பயப்படுகிறவள். அவளும் நிற்கவில்லை.

டாக்டரிடம் காட்டினேன். அவர் பார்த்துச் சரி என்ற பிறகு, உங்கள் கம்பெனியின் அனுமதிக் கடிதத்தோடு, திங்கட்கிழமையிலிருந்து அப்பாவுக்கே மாட்டியிருக்கிறது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது. கை இரண்டும் சும்மா கிடக்கின்றன. ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன், அடுப்பங்கரைக்கு வருகிறேன், திரும்ப ஜன்னல். எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருக்கிறது.

சும்மா இருக்க முடியாமல் பக்கத்து வீட்டு மிக்ஸியோடு வந்த தாளை எடுத்துப் படித்தேன். கண்றாவி. சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு மாடியில் இருப்பவர்களின் துணி துவைக்கிற மெஷின் தாளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஜூனில் என்ன முடிவு என்று எழுது. வக்கீல் ஆபீசில் என் இடத்தில் வேறு ஒருத்தி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அது எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அன்றைக்கு அந்தத் துணி மெஷின் தாளை இரண்டு தடவை திருத்தினேன்.

அக்கா

மே 14

சின்னவளுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா? சொல்லியிருந்தால் அந்தக் கப்பல்காரரின் விலாசத்தை அனுப்பு. நான் எழுதுகிறேன்.

அக்கா

மே 20

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்தேன்.

கப்பல்காரர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இங்கே யாரையும் உட்காரச் சொல்லிப் பேச மாட்டார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரே நம் கோப்பு. உன் கடிதங்கள் மேலே இருந்தன.

"நீங்க நல்லா எழுதறீங்க" என்றார். "ஆனா ஒருத்தருக்குப் புரியலன்னா உங்களால தாங்க முடியல. உடனே விளக்க ஓடறீங்க. பள்ளிக்கூடத்துக்கு அது வேணும். இங்க, புரியாத ஆளா மாறி உட்கார்ந்து தாள் மேல கோபப்படற ஆள் வேணும்." பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார், "உங்க அக்காவுக்கு வேலை வேணுமா?"

எனக்கு இன்னும் ஆறு மாதம் தற்காலிகமாக நீட்டித் தருகிறார்களாம். நாற்காலி உனக்கு. வீட்டிலிருந்தே செய்ய முடியுமா என்று கேட்டேன். மெஷின் இங்கே இருக்கிறது, சண்டை போட வேண்டிய இன்ஜினியர்கள் இங்கே இருக்கிறார்கள், நேரில்தான் இருக்க வேண்டும் என்றார்.

பொறாமை இல்லை என்று எழுதித்தான் ஒவ்வொரு தடவையும் கிழித்தேன். பொறாமைதான். இதற்காகப் படித்தேன், பரீட்சை எழுதினேன், உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். நீ அடுப்பங்கரையில் நின்று என்னைத் திட்டி நாலு கடிதம் எழுதினாய், உனக்குக் கொடுக்கிறார்கள். நாவல்காரர் என்னைத் தேற்றுகிறாராம், "எல்லாரும் இப்படித்தான் உள்ள வந்தோம், வேற எங்கயோ போற வழியில" என்றார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

உன் முடிவை எழுது. அவர் கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன்.

தங்கை

மே 26

சின்னவளுக்கு,

எனக்கு வேலை கேட்டுக் கொடு என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. உன் நாற்காலியில் வந்து உட்காரும் அளவுக்கு நான் போய்விடவில்லை. அப்பாவை யார் பார்ப்பது? பம்ப் சாப்பாடு கொடுக்கும், புரட்டிப் படுக்க வைக்குமா? வாய் துடைக்குமா?

அவரிடம் சொல்லிவிடு, கேட்டதற்கு நன்றி, முடியாது. இதோடு விடு.

அக்கா

மே 29

சின்னவளுக்கு,

அந்த மேசை நடைபாதையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா?

சும்மா கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 4

அக்கா,

ஜன்னல் இல்லை. ஆனால் நிரந்தரமாக வருகிறவர்களுக்கு உள்ளே இடம். இரண்டு ஜன்னல். ஒன்று எப்போதும் சரியாகச் சாத்தாது.

தலைமை ஆசிரியைக்கு எழுதிவிட்டேன், வருகிறேன் என்று. காலையில் பள்ளிக்கூடம், மூன்றரைக்கு வீட்டில் இருப்பேன். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவைப் பேசலாம். பம்ப் இருக்கிறது, தனிப் பக்கம் இருக்கிறது, யாராலும் ஓட்ட முடியும் என்று நீதானே சான்று கொடுத்தாய்.

தங்கை தியாகம் செய்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவைக்காதே. எனக்கு இன்னும் கோபம்தான். நீட்டித்த ஆறு மாதமும் நடைபாதையில் உட்கார்ந்து, யாராவது எழுந்தால் பயந்து பயந்து பார்க்க என்னால் முடியாது. அதோடு, நீ முடியாது என்று எழுதிய கடிதத்தைக் கப்பல்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்க" என்றார். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் கடிதத்தைக் காட்டவில்லை. அது எனக்கு வந்தது.

பத்தாம் தேதி வருகிறேன். ஒரு வாரம் இருவரும் சேர்ந்து இருக்கலாம், நீ எல்லாவற்றையும் காட்டிக் கொடு. இல்லை, காட்டிக் கொடுக்காதே. எழுதி வை. நான் தாளைப் பார்த்துச் செய்கிறேன். எங்கே நின்றேன் என்று எழுதுகிறேன். போன் செய்ய மாட்டேன்.

இந்தத் தடவை நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீ எழுது.

தங்கை

ஜூலை 2

அக்கா,

சோதனை அறிக்கை. கட்டில் தலைமாட்டில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன்.

பம்ப், நிற்கவில்லை. புரட்டுவது, நிற்கவில்லை. "இடுப்பைப் பிடித்துத் தள்ளாதே, போர்வையைப் பிடித்து இழு" என்று எழுதியிருந்தாயே, பகல் அம்மா அதைப் படித்துவிட்டு, "இது யாரும்மா எழுதினது, ஆஸ்பத்திரியில வேல பாத்தவங்களா?" என்று கேட்டாள். சவரத்தில் ஒரே ஒரு இடத்தில் நின்றேன். தாடைக்குக் கீழே எந்தத் திசை என்று இல்லை. ஒரு கீறல், சின்னதுதான், ஆறிவிட்டது. மருந்துக்கடைக்காரியிடம் சொல்லிவிடாதே.

நடுவழியில் கிடந்த நாற்காலியை மட்டும் சுவரோரம் போட்டுவிட்டேன். ஸ்டாண்டைத் தள்ளும்போது தடுக்குகிறது. தாளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒன்று. புதுசாக எட்டாம் வகுப்பு. சோதனைக்கூடத்தில் என்ன செய்வது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, நான் வாயைத் திறக்காமல் நிற்கிறேன். எங்கே நின்றார்களோ அங்கே கையைத் தூக்க வேண்டும். முதல் நாள் இரண்டாவது வரியிலேயே வகுப்பு முழுக்கக் கை. எனக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறக்கவில்லை. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

இனி நான் நிஜமாக நின்ற இடம். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் திறந்தால் அப்பா தலையைத் திருப்புகிறார். முகத்தில் ஏதோ வருகிறது. உள்ளே வந்தவள் நான் என்று தெரிந்ததும் அது போய்விடுகிறது. என்னைத் தாண்டி வாசலையே பார்க்கிறார். கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றாலும் வாசல், பக்கத்தில் உட்கார்ந்தாலும் வாசல். பேசிப் பார்த்தேன். கையைப் பிடித்தேன். தாளை மேலிருந்து கீழ் வரை படித்தேன், இதற்கு ஒரு வரியும் இல்லை. இரண்டு வாரமாகத் தினமும் இந்த இடத்தில் நிற்கிறேன்.

உன்னைத்தான் தேடுகிறார். என்ன செய்வது என்று எழுது.

தங்கை

ஜூலை 9

சின்னவளுக்கு,

உன் அறிக்கையைக் கோப்பில் வைக்கவில்லை. இந்த ஒன்றை வைக்க மாட்டேன் என்று கப்பல்காரரிடம் சொன்னேன். "வழக்கம் வழக்கம்தானே" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சாத்தாத ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காற்றில் தாளெல்லாம் பறக்கிறது. இங்கே வந்ததிலிருந்து ஒவ்வொரு இன்ஜினியரையும் பிடித்து, "உங்களுக்குத் தெரிஞ்சதால விட்டுட்டீங்க, தெரியாதவன் என்ன பண்ணுவான்" என்று உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேன். பெரிய இன்ஜினியர் என்னைப் பார்த்தால் மாடிப்படி வழியாகப் போகிறார். அப்படிப்பட்டவள் வீட்டுத் தாளில் இதை விட்டிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், நீ சொல்வாயே, அதே போல்.

நீ போன வருடம் பெட்டியோடு கிளம்பிய பிறகு அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரை என்று உனக்கு நான் எழுதவில்லை. உன்னைத்தான். நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் என்னைத் தாண்டித்தான் பார்த்தார். கூடவே கிடந்து செய்கிறவள் நான், தேடுவது ஓடிப்போனவளை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் நாற்காலியைத் தூக்கி அங்கே போட்டேன்.

தாளில் சேர்த்துக்கொள். நாற்காலியைக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், கதவை மறைக்காமல், கொஞ்சம் ஓரமாகப் போடு. சாயங்காலம் அதில் போய் உட்கார். பேச வேண்டாம், கையைப் பிடிக்க வேண்டாம். பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிரு. அவர் வாசலைத்தான் பார்ப்பார், பார்க்கட்டும். பார்க்கிற வழியில் நீ இருப்பாய். அவர் கண் என்மேல் நிற்க ஒரு மாதம் ஆயிற்று.

ஸ்டாண்டு தடுக்கினால் ஸ்டாண்டைத் தள்ளி வை.

செய்து பார்த்துவிட்டு, எங்கே நின்றாய் என்று எழுது.

அக்கா